லயத்துக்கு வந்த இரும்புக்கை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே சிறுகதை பற்றியும் நாவல் பற்றியும் மலையக நாட்டார் பாடல் பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சென்றிருக்கிறார்கள். சஞ்சிகைகளின் வளர்ச்சி பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’யைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருவேன். ஆனால் முதலில் எமது இலக்கியக் கூட்டங்களில் பெயர் சொல்லப்படாத இரண்டு சஞ்சிகைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தமிழ்நாட்டின் சிவகாசியிலிருந்து வந்த ‘முத்து காமிக்ஸ்’, ‘லயன் காமிக்ஸ்’ என்ற சித்திரக்கதை வெளியீடுகளே அவை.

தமிழாசிரியர் ஒருவருக்குப் பேச வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினால் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதையும் இன்று சொல்லிவிடப் போகிறேன்.

கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை முடியும் இடம் பதுளை. 1924 ஆம் ஆண்டு தண்டவாளம் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் அது போகவில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே மலையேறி நடக்க வேண்டும். 1980களின் கடைசியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு அச்சடித்த தாள் வந்து சேர்வதே அருமை. அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல், கடையில் சாமான் சுற்றித் தரும் பழைய பத்திரிகை, சாமிப்படம் போட்ட கலண்டர் ஆகிய மூன்றுதான் வரும்.

நான்காவதாக ஒன்று தீபாவளிக்குத் தீபாவளி வந்தது. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அண்ணன் ஒருவர் கொழும்பிலே கடையொன்றில் நின்றார். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது அவருடைய பையில் அம்மாவுக்குச் சேலை இருக்கும், தங்கச்சிக்குச் சட்டை இருக்கும், அடியிலே நாலைந்து சித்திரக்கதைப் புத்தகங்கள் இருக்கும். எல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. சிலவற்றுக்கு அட்டை இராது. சிலவற்றுக்குக் கடைசிப் பக்கமும் இராது.

அந்தப் புத்தகங்கள் காம்பரா காம்பராவாகப் போகும். யாருக்குப் பிறகு யார் என்று முறை வைத்துக்கொள்வோம். என் அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். குப்பிலாம்பு வெளிச்சத்தில் நான் உரக்க வாசிக்க, படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இரும்புக்கை மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரியும் படம் அவருக்கு மிகவும் பிடிக்கும். “கை மட்டும் தெரியுதே, மத்த ஒடம்பெல்லாம் எங்கடா போச்சு?” என்று கேட்டார். கரண்ட் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான் என்று விளக்கினேன். அப்போது எங்கள் லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப நம்ம லயத்துக்குக் கரண்ட் வந்தா நாமளும் மறைஞ்சிடுவோமோ?”

கடைசிப் பக்கம் இல்லாத கதைகளுக்கு நாங்களே முடிவு சொல்லிக்கொள்வோம். ஒருவன் சொல்லும் முடிவு மற்றவனுக்குப் பிடிக்காது, சண்டை வரும். ஒரு தடவை என் முடிவை அப்பியாசக் கொப்பித் தாளில் பென்சிலால் எழுதி, புத்தகத்தின் கடைசியில் வைத்து அடுத்த காம்பராவுக்குக் கொடுத்தேன். பாடசாலைக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன, எப்படி வளர்ந்தன என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பின்னாளில் தேடி அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற ஊர். அந்தப் பெட்டிகளுக்கு ஒட்டும் வர்ணப் படங்களை அச்சிட்டு, அப்படியே அச்சுத் தொழிலிலும் கலண்டரிலும் பெயர் எடுத்த ஊர். அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் 1972 ஜனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முதல் இதழின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. மூலக்கதை இங்கிலாந்தைச் சேர்ந்தது. 1962 இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழிலே தொடராக வந்தது. படம் வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். ஆக, ஸ்பானியர் ஒருவர் வரைந்து, ஆங்கிலேயர் அச்சிட்டு, சிவகாசியிலே தமிழாகி, கொழும்புப் பழைய புத்தகக் கடைக்கு வந்து, பதுளைப் புகையிரதத்தில் ஏறி எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தான் மாயாவி. எவ்வளவு தூரம் பாருங்கள்!

அதே காலத்தில் எமது நாட்டிலே வேறொன்று நடந்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் எழுத்துக்கு அது வாய்ப்பானது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடராக வெளியிட்டது அக்காலத்தில்தான். 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது; தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் மீண்டும் தாராளமாக வந்தன. அவற்றோடு சித்திரக்கதைகளும் வந்தன. இந்த வரவு செலவில் நாம் பெற்றதும் இழந்ததும் எவை என்பது எமது விமர்சகர்கள் நெடுங்காலம் வாதாடிய விடயம். அந்த வாதத்திலே சித்திரக்கதை படித்த சிறுவனை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவனுடைய சாட்சியத்தைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முத்து காமிக்ஸின் வெற்றிக்குப் பிறகு, 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ என்ற புதிய சஞ்சிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. எமது பாடசாலைக் கணக்கில் உயர்தர வகுப்பு மாணவன்! முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே 1984 ஜூலையில் பெரிய பத்திரிகை நிறுவனம் ஒன்றின் பின்பலத்தோடு ‘ராணி காமிக்ஸ்’ வெளிவந்தது. அதற்கு ஜேம்ஸ் பாண்ட் நாயகன். பதினேழு வயதுப் பையன் பெரிய நிறுவனத்தோடு போட்டியிட வேண்டிய நிலை.

மாடஸ்டி என்ற பாத்திரம் பற்றி ஒரு சிறு செய்தி. அதைப் படைத்த பீட்டர் ஓடொனல் இரண்டாம் உலகப் போரின்போது படைவீரராக ஈரானின் வடபகுதியில் இருந்தார். 1942 இல் அங்கே தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைக் கண்டார். அஞ்சாமல் தன்னைத் தானே காத்துக்கொண்ட அந்தச் சிறுமியின் நினைவே இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மாடஸ்டியானது என்று அவர் சொல்லியிருக்கிறார். அகதி என்ற சொல்லின் பாரம் அறிந்த நாட்டிலே இருக்கும் நாம், ஒரு பொழுதுபோக்குச் சித்திரக்கதையின் அடியிலே இப்படியும் ஒரு வேர் இருந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால் மாடஸ்டி லயனைக் காப்பாற்றவில்லை. தொடக்க இதழ்களுக்குப் பின்னர் ‘ஸ்பைடர்’ வந்த பிறகுதான் விற்பனை ஏறியது என்பதை விஜயனே எழுதியிருக்கிறார். ஸ்பைடர் முதலில் நல்லவனல்லன், குற்றவாளி. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அவனை எமது பிள்ளைகள் விரும்பினார்கள். 1985 இல் இத்தாலியின் ‘டெக்ஸ் வில்லர்’ வந்தார். தொடர்ந்து ‘திகில்’, ‘மினி லயன்’, ‘ஜூனியர் லயன்’ என்று கிளை இதழ்களும் வந்தன. கைக்கடக்கமான சின்னப் புத்தகங்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். ஆசிரியர்களுக்கு அவற்றின் மேல் வந்த கோபத்துக்கு அந்த அளவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இவற்றின் வளர்ச்சிக்கு எது காரணம்? படம் என்பார்கள், துப்பாக்கிச் சண்டை என்பார்கள். அவை காரணம்தான். ஆனால் அவை ராணி காமிக்ஸிலும் இருந்தன. வேறு எத்தனையோ சித்திரக்கதை வெளியீடுகளிலும் இருந்தன. ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் வரை வந்து 2005 இல் நின்றது. மற்றவற்றில் பல அதற்கும் முன்னரே நின்றன. லயனும் முத்துவும் நிற்கவில்லை. ஏன்?

என் கருத்து இது. லயனிலே ‘ஹாட்லைன்’ என்றொரு பகுதி உண்டு. ஆசிரியர் வாசகரோடு நேரே பேசும் பக்கம். அடுத்த மாதம் என்ன வரும், இந்த மாதம் ஏன் பிந்தியது, எந்தக் கதை விலை போகவில்லை என்பவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுதுவார். வாசகர் கடிதங்களும் வரும். புகழ்ந்தும் எழுதுவார்கள், மொழிபெயர்ப்பு சரியில்லை, அச்சு மங்கல், சொன்ன கதையைச் சொன்ன மாதத்தில் போடவில்லை என்று ஏசியும் எழுதுவார்கள். ஏச்சும் அச்சாகும். எமது லயத்துப் பையன்கள் அந்தக் கடிதங்களைக் கதையை விட ஆவலோடு படித்தோம். நாங்கள் கடிதம் எழுதியதில்லை. இந்தியாவுக்கு முத்திரை ஒட்டக் காசு ஏது? ஆனால் ஒரு சிறுவன் தன் கருத்தை எழுதினால் பெரியவர் ஒருவர் அதை மதித்துப் பதில் சொல்வார் என்பதை நாங்கள் முதன்முதலில் கண்டது அந்தப் பக்கத்தில்தான். தோட்டத்திலே கங்காணியிடமோ துரையிடமோ அப்படி ஒரு பதிலை நாங்கள் பெற்றதில்லை. பாடசாலையிலும் பெற்றதில்லை.

இனித் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்ஸ் வில்லருக்குச் செவ்விந்தியர் இட்ட பெயருக்கு இத்தாலிய மொழியில் ‘இரவின் கழுகு’ என்று பொருள். தமிழில் அவர் ‘இரவுக் கழுகார்’ ஆனார். நரைமுடி கொண்ட அவருடைய தோழர் ‘வெள்ளி முடியார்’. அந்த ‘ஆர்’ விகுதியைக் கவனியுங்கள். நக்கீரனார், தந்தையார், பாட்டனார் என்று நாம் பெரியோருக்குச் சேர்க்கும் மரியாதை அமெரிக்கப் பாலைவனத்துக் குதிரை வீரனுக்குக் கிடைத்தது. மூலத்தில் இல்லாத உறவு ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சேர்த்துவிட்டார். கருணையானந்தம் போன்றோர் பல ஆண்டுகள் பெயரில்லாமலே செய்த பணி இது. பேச்சுக் குமிழுக்குள் எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் எழுத முடியாது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் கோபம், கிண்டல், அச்சம், வியப்பு எல்லாவற்றையும் தமிழில் அடக்க வேண்டும். சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்று நன்னூலைக் காட்டி வகுப்பிலே கற்பிக்கிறோம். அதை என் மாணவர்கள் வேறெங்கோ ஏற்கெனவே கற்றிருந்தார்கள். அதை நான் அறியவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நான் பட்டதாரியாகி, பயிற்சியும் முடித்து, ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. படித்துப் பட்டம் பெற்றவனுக்குத் தான் ஏறி வந்த படி மறந்துபோவது உண்டு. எனக்கும் மறந்திருந்தது. ஒன்பதாம் தர வகுப்பில் நான் புறநானூறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்த தோட்டத்துப் பையன் ஒருவன் மேசைக்கு அடியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். சித்திரக்கதை. வகுப்பு முழுவதும் பார்க்க, அதை இரண்டாகக் கிழித்தேன். “இதுவா தமிழ்?” என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டான்.

மறுநாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். கையில் அந்தப் புத்தகம். சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நடுவிலே நூலால் தைத்திருந்தான்.

“சேர், இது என்னோடது இல்ல. கொழும்புல நிக்கிற அண்ணனோடது. அவரு வர்றப்ப திருப்பிக் குடுக்கணும். கிழிஞ்ச எடத்துல எழுத்து தெரியல சேர். அதுல என்னா இருந்திருக்கும்னு சேருக்குத் தெரியுமா?”

அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை. ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வந்திருந்தான். நான் அவனை உட்கார வைத்தேன். கிழிந்த பக்கத்தின் முன்னும் பின்னும் வாசித்தோம். யார் பேசுகிறார், என்ன மனநிலையில் பேசுகிறார், மறுமொழி என்னவாக இருக்கும் என்று பார்த்து, ஒவ்வொரு குமிழாக நிரப்பினோம். ஓரிடத்தில் நான் சொன்ன வசனத்தை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. “இவரு அப்பிடிப் பேசமாட்டாரு சேர்” என்றான். அவன் சொன்னதே சரி. பாத்திரத்தின் குரலை அறிந்து இது அவனுடைய பேச்சல்ல என்று சொல்வதுதானே இலக்கிய விமர்சனம்? அந்த வருடம் முழுவதும் என் வகுப்பில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் கற்பித்த பாடத்தில் சொல்லும்படி நான் விட்டதுமில்லை.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. கொழும்புக்குக் கடைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் படிப்பை விட்டதற்கு வீட்டு வறுமையே காரணம், நான் அல்ல. ஆயினும் அவன் என் வகுப்பில் கடைசியாக விரும்பி வாசித்த நூலை நான்தான் கிழித்தேன். அது மாறாது.

அதன் பின்னரே நான் சித்திரக்கதைகளை மீண்டும் தேடத் தொடங்கினேன். அப்போது அவற்றுக்கே கெட்ட காலம். தொலைக்காட்சி வந்து வாசகரைக் கொண்டு போயிருந்தது. 2000 இன் பின்னரான பத்தாண்டுகளில் லயனும் முத்துவும் ஒழுங்காக வரவில்லை. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க இதழ்களே வந்தன. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. சிறுவயதில் படித்தவர்கள் வளர்ந்து, தொழிலுக்குப் போய், கையில் காசு வந்த பிறகு தம் பழைய சஞ்சிகையைத் தேடினார்கள். 2010 இல் ‘ரத்தப் படலம்’ என்ற பெல்ஜியக் கதையின் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. வாசகர்கள் முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்த நூல் அது. 2012 ஜனவரியில் லயனின் மறுவருகைச் சிறப்பிதழ் சென்னைப் புத்தகக் கண்காட்சிக் காலத்தில் வந்தது. சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் வந்தவை வழுவழுப்பான தாளில் முழு வர்ணத்தில் வரத் தொடங்கின. அதன் பிறகு கடை முகவரை நம்பாமல், ஆண்டுச் சந்தா கட்டும் வாசகரை நம்பியே வெளியீடு நடந்தது. 2022 இல் முத்துவுக்கு 50 ஆண்டு நிறைந்தது. 2024 இல் லயனுக்கு 40.

இந்த இடத்தில் ‘மல்லிகை’யை நினைக்கிறேன். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கியவர் டொமினிக் ஜீவா. சிகையலங்காரத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரானவர். இதழ்களைத் தாமே சுமந்து சென்று கைக்குக் கை விற்றவர். போர்க்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் 2012 வரை நடத்தினார். 2021 இல் மறைந்தார். சிவகாசிச் சித்திரக்கதைக்கும் யாழ்ப்பாணத்து முற்போக்குச் சஞ்சிகைக்கும் உள்ளடக்கத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் இரண்டும் உயிர் வாழ்ந்த முறை ஒன்றே. வாசகனின் முகம் தெரிந்து, அவனுக்குப் பதில் சொல்லி, அவன் தரும் காசிலே அடுத்த இதழை அச்சிட்டார்கள். விளம்பரதாரரை நம்பிய எத்தனையோ பளபளப்பான இதழ்கள் இடையிலே வந்து போய்விட்டன.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கதைகளில் குறை உண்டு. ஆபிரிக்கரையும் செவ்விந்தியரையும் பல கதைகள் காட்டிய விதம் வெள்ளைக்காரத் துரையின் கண்ணால் பார்த்த விதம். துரைகளின் ஆட்சியில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் அதைப் படித்துக்கொண்டு துரையின் பக்கமே நின்று கைதட்டினோம்! இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு குறை இதனிலும் பெரிது. இவை தமிழில் வாசகரை உண்டாக்கின. தமிழில் சித்திரக்கதை படைப்போரை அந்த அளவுக்கு உண்டாக்கவில்லை. படமும் கதையும் வெளியிலிருந்து வந்தன. எழுத்து மட்டும் தமிழ். எமது நாட்டிலேயே சிங்களத்தில் நிலைமை வேறு. 1970களில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் பெருகின. அங்கே உள்ளூர் ஓவியர்களே வரைந்தார்கள். கமிலஸ் பெரேரா படைத்த ‘கஜமன்’ என்ற கேலிச்சித்திரப் பாத்திரம் தலைமுறை தாண்டி நின்று, 2023 இல் திரைப்படமாகவும் வந்தது. கஜமனின் தெரு சிங்களச் சிறுவன் நடக்கும் தெரு. எங்கள் லயத்தை, பெரட்டுக்களத்தை, கொழுந்து மடுவத்தை, நமுனுகுலை மலையைப் படமாகக் கண்டு ஒரு மலையகச் சிறுவன் “இது எங்க எடம்” என்று சொல்லும்படி ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை நான் என் மாணவர் கையில் கொடுத்ததில்லை.

ஒரு களம் கிடைத்தால் மலையகம் எழுதும் என்பதற்குச் சான்று உண்டு. 1960களில் நடந்த மலையகச் சிறுகதைப் போட்டிகளிலிருந்து பரிசுக் கதைகளைத் திரட்டி, 1971 இல் வீரகேசரி ‘கதைக்கனிகள்’ தொகுப்பை வெளியிட்டது. இந்தப் பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். 2022 இல் மறையும் வரை எழுதிக்கொண்டிருந்தார். மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் அவரே எழுதி வைத்தார். பத்திரிகை கேட்டது, மலையகம் கொடுத்தது. கேட்கப்படாதது இன்னும் எவ்வளவோ உள்ளே கிடக்கிறது.

இன்றைய பிள்ளைகளிடம் சித்திரக்கதையும் இல்லை. கைப்பேசியிலே விளையாட்டு. இடைவேளையில் அவர்கள் பேசுவதெல்லாம் அதைப் பற்றியே. எந்த வீரனுக்கு எந்த ஆயுதம், எந்தக் கட்டத்தில் எப்படித் தப்புவது என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பெரியவர்கள் நாம் முகம் சுளிக்கிறோம், அன்று நான் சுளித்தது போலவே. வெளியுலகில் இதற்கும் சஞ்சிகை உண்டு. ஜப்பானிலே 1986 இல் தொடங்கிய ‘ஃபமிட்சு’ பெயர் பெற்றது. ஈரானிலே பாரசீக மொழியிலும் இத்தகைய சஞ்சிகைகள் வெளிவந்திருக்கின்றன. எழுத ஒன்றுமில்லை என்று நாம் ஒதுக்கும் விளையாட்டைப் பற்றி அங்கே விமர்சனம் எழுதுகிறார்கள், வாதாடுகிறார்கள், தம் மொழியிலே புதுச்சொல் ஆக்குகிறார்கள்.

சென்ற வருடம் என் வகுப்பில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை தொடங்கினோம். நிபந்தனை ஒன்றே: நீ விளையாடும் விளையாட்டைப் பற்றி, அதை விளையாடாத உன் அப்பாயிக்கு விளங்கும்படி தமிழில் எழுது. முதல் இதழுக்கு நாலு பேர் எழுதினார்கள். மூன்றாவது இதழுக்கு வகுப்பில் பாதிப் பேர். ‘லெவல்’ என்பதற்கு என்ன சொல் என்று சண்டை வந்தது. நிலை, படி, கட்டம் என்று மூன்று கட்சி. ‘படி’தான் வேண்டும் என்று வாதாடிய மாணவி சொன்ன காரணம்: “ஏறணும்ல சேர். நாங்க ஏறித்தானே ஸ்கூலுக்கு வர்றோம்.” அதே இதழில் இன்னொரு பையன், ஒரு விளையாட்டின் களத்தை ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தேயிலை மலையாக மாற்றிப் படம் வரைந்திருந்தான். அட்டை வீரன் தலையில் கூடை!

இந்தச் சஞ்சிகை எத்தனை இதழுக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். தாளும் பேனையும் நான் வாங்கிக் கொடுக்கிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு இதழிலும் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் தங்கள் கருத்தை அதிலே எழுதலாம், ஏசியும் எழுதலாம். ஆசிரியர் என்ற முறையில் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவது என் பொறுப்பு.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை மேசைக்கு அடியில் எதையாவது வாசித்துக்கொண்டிருந்தால், பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, “இவன் யார், ஏன் இப்படிப் பேசுகிறான்?” என்று ஒரு தடவை கேளுங்கள். அவன் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.